நிற்கிற வேலை

கொக்கு என்று அவளுக்குப் பெயர் வைத்தது யார் என்று கடையில் இப்போது யாருக்கும் தெரியாது. வைத்தவர்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், பெயர் தங்கிவிட்டது. ஆள் நெட்டை, ஒல்லி. வாங்க வருகிறவர்கள் இல்லாத நேரத்தில் ஒரு காலை மடக்கி, பாதத்தை மற்றக் காலின் முழங்காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பாள். கொஞ்ச நேரம் கழித்துக் கால் மாற்றுவாள். மேசைக்கு மேலே பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இஸ்திரி போட்ட சீருடை, வாரி முடிந்த தலை, தயாராக வைத்திருக்கும் சிரிப்பு. மேசைக்குக் கீழேதான் கொக்கு. நேரில் எல்லாரும் "அக்கா" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன சொல்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். "கொக்குக்காவது மீன் கிடைக்கும். நமக்கு என்னடி கிடைக்குது?" என்று அவளே கேட்டுச் சிரிப்பாள்.

நாலு மாடி ஜவுளிக்கடை அது. மூன்றாவது மாடியில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, ஜன்னல் திரை. அவள் விரிப்புப் பகுதி. விரிப்பு விற்பது வாயால் செய்கிற வேலை என்று நினைப்பீர்கள். இல்லவே இல்லை, முழுக்க முழுக்கக் காலும் தோளும்தான். ஒரு குடும்பம் வரும். நீலம் காட்டச் சொல்லும். நீலத்தில் பூப் போட்டது, போடாதது, பூ சின்னதாக இருப்பது, அதே பூ வேறு நீலத்தில் என்று மேசை மேல் மலை குவிந்த பிறகு, "சும்மா பார்க்கத்தான் வந்தோம்" என்று படியிறங்கிப் போய்விடும். அந்த மலையை மடித்து மறுபடி அடுக்க வேண்டும். முகம் கோணக் கூடாது. காலையில் கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்குகிற வரைக்கும் இதுதான். சாப்பாட்டு நேரம் போக மற்ற நேரமெல்லாம் நின்றபடி.

உட்காரக் கூடாது என்று எங்கேயும் எழுதிப் போடவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. வேலை செய்கிறவர்கள் உட்காருவதற்கென்று மாடி முழுக்கத் தேடினாலும் ஒரு பொருள் கிடைக்காது. வாங்க வருகிறவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலிகள் உண்டு. அவற்றின் மேல் கடைப் பெண்கள் தவறிக்கூடக் கை வைக்க மாட்டார்கள். விற்கிறவள் உட்கார்ந்திருந்தால் கடையே தூங்கி வழிகிற மாதிரி இருக்கும் என்பது முதலாளியின் எண்ணம். மோசமான ஆள் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. கெட்ட வார்த்தை பேச மாட்டார், சம்பளத்தை இழுத்தடிக்க மாட்டார். கீழே கல்லாவில் அவர் மட்டும் நாள் பூரா உட்கார்ந்திருப்பார். அது வேறு விஷயமாம்.

ஆனால் உடம்பு என்று ஒன்று இருக்கிறதே! அதற்காகப் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். அதன் பெயர் அடித்தட்டு. மேசைக்குப் பின்னால் இருக்கிற அலமாரியின் கடைசித் தட்டு தரையை ஒட்டி இருக்கும். அதில் தேடுவதென்றால் குந்தித்தான் ஆக வேண்டும். "அடித்தட்டுல பார்த்துட்டு வரேன்" என்று ஒருத்தி சொன்னால், கால் தாங்கவில்லை, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று பொருள். மற்றவர்கள் அவளை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும் திரைப் பகுதிப் பெண்தான் காவல். முதலாளியின் தலை படியில் தெரிந்தால் போதும், துணி அளக்கிற இரும்புக் கோலை மேசையில் 'டொக்'கென்று போடுவாள். அடித்தட்டில் இருந்தவள் ஏதாவது ஒரு உறையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். சும்மா சொல்லக்கூடாது, அந்த 'டொக்' ஒரு நாளும் பிசகியதில்லை.

கொக்கு மட்டும் அடித்தட்டுக்குப் போவதில்லை. சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தடவை போனாள். அப்போது கோல் போடுகிற ஏற்பாடெல்லாம் கிடையாது. எழுந்து பார்த்தால் எதிரே முதலாளி. அவர் கத்தவில்லை. "உக்காரணும்னா வீட்டுல போய் உக்காரும்மா" என்று மட்டும் சொன்னார். மாடியே பார்த்துக்கொண்டிருக்க, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அப்போது கல்யாணம் ஆகவில்லை, அப்பா படுத்த படுக்கை. சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. மறுநாள் கடை வாசலில் காத்துக்கிடந்து, இனிமேல் இப்படி நடக்காது என்று கெஞ்சித்தான் மறுபடி உள்ளே போனாள். அன்றிலிருந்து அவள் கடைக்குள் உட்கார்ந்ததில்லை. சாப்பாட்டைக்கூட ஜன்னல் ஓரமாக நின்றே முடித்துக்கொள்வாள். பயம்தான், வேறென்ன? ஆனால் பயத்தைப் பயம் என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி எத்தனை நாள் வாழ முடியும்? கொஞ்ச காலத்தில் அதைப் பெருமை என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள்.

புதிதாக வருகிற பெண்களுக்கு நிற்கப் பழக்குவதும் அவள்தான். "குதிகால்ல பாரத்தைப் போடாதே. முட்டியை விறைப்பா வைக்காதே. தண்ணியைக் கொஞ்சமா குடி, அடிக்கடி போற தொல்லை இருக்காது" என்பாள். யாராவது கால் வலி என்று முனகினால் முதலாளி அவளைத்தான் காட்டுவார். "இந்த அக்காவைப் பாருங்க. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு நாளாவது உக்காந்து பார்த்திருக்கீங்களா?" அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். மற்றப் பெண்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டிலும் தப்புச் சொல்ல முடியாது.

அவள் புருஷனுக்கு ஒரு வங்கி வாசலில் காவல் வேலை. வேடிக்கையைப் பாருங்கள், அவருக்கு நாள் முழுக்க உட்காருகிற வேலை. "உக்காந்து உக்காந்து எனக்கு இடுப்பு போச்சு. நின்னு நின்னு உனக்குக் கால் போச்சு. ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு ஆள் தேறும்" என்பார். வாய் கொஞ்சம் நீளமே தவிர, தங்கமான மனுஷன்.

கால் நிஜமாகவே போய்க்கொண்டிருந்தது. முதலில் நரம்பு பச்சையாகப் புடைத்தது. பிறகு கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்தது. அந்தக் கறுத்த இடத்தில் ஒரு நாள் மேசைக்கால் லேசாக இடித்தது. இடித்த இடம் புண்ணானது. புண் ஆறவே இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "மருந்து தரேன். ஆனா நிக்கிறதைக் குறைக்கலைன்னா இது மூடாதும்மா. உள்ளே இறங்கிடுச்சுன்னா அப்புறம் காலே தங்காது." வேலை முடிந்து அவள் வந்ததும் புருஷன் வெந்நீர் வைத்து, கட்டை அவிழ்த்து, புண்ணைக் கழுவிப் புதுக் கட்டுப் போடுவார். காலையில் அதன் மேல் முழங்கால் வரைக்கும் காலுறையை இழுத்து மாட்டிக்கொண்டு அவள் கடைக்குப் போவாள். கடையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. நிற்க முடியாதவள் என்று தெரிந்தால் அந்த வயதில், அந்தக் காலோடு, வேறு எந்தக் கடை அவளைச் சேர்த்துக்கொள்ளும்? புருஷன் சம்பளம் வாடகைக்கும் மருந்துக்குமே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தந்தே ஆக வேண்டும், உட்காருவது அவர்கள் உரிமை என்று. வங்கி ஹாலில் இருந்த டிவியில் புருஷன் செய்தியைப் பார்த்துவிட்டு, தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்தார்.

"இனிமே உன்னை உக்காரக் கூடாதுன்னு சொல்ல எவனுக்கும் அதிகாரம் கிடையாது, தெரியுமா?"

"இத்தனை நாளா மட்டும் யாருங்க சொன்னாங்க?" என்றாள் அவள்.

அவர் வெந்நீர் வைக்கப் போனார்.

கடைக்கும் முக்காலிகள் வந்தன. பளபளவென்று, மேசைக்கு ஒன்றாக. முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை, உட்காராதீர்கள் என்றும் சொல்லவில்லை. துண்டுப் பகுதிப் பெண் முதல் நாளே ஆசையாக உட்கார்ந்து பார்த்தாள். மறுநாள் அவளைக் கீழே கிடங்குக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத இடம், தூசி, மூட்டை. ஏன் மாற்றினார்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. பெண்கள் என்ன சின்னக் குழந்தைகளா, புரியாமல் போக? ஒரு வாரத்துக்குள் முக்காலிகள் மேல் தலையணை உறைகளைக் கட்டுக் கட்டாக அடுக்கிவிட்டார்கள். சட்டம் வந்து உட்கார்ந்தது தலையணை உறைகள்தான்.

அடித்தட்டு பழையபடி நடந்தது.

விரிப்புப் பகுதிக்கு அந்தச் சமயம் புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். முன்பு ஒரு பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவள். வந்த மூன்றாம் நாளே அவளுக்கு வாயாடி என்று பெயர் விழுந்துவிட்டது. மனதில் பட்டதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஒரு மத்தியானம், மாடியில் வாங்க வந்தவர் ஒருவரும் இல்லாத நேரம், குனிந்து எதையோ எடுத்தவள் கொக்குவின் காலுறையில் ஈரமாக ஒரு கறை இருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, என்ன இது?"

"ஒண்ணுமில்லடி. கத்தாதே."

"ஒண்ணுமில்லையா? ஊறி வெளிய வருது!" வாயாடி முக்காலி மேல் இருந்த உறைக் கட்டுகளை அள்ளி மேசையில் போட்டாள். முக்காலியை இழுத்து அவள் பின்னால் வைத்தாள். "உக்காருங்க. அஞ்சு நிமிஷம் உக்காருங்க."

"வேணாம்டி, யாராவது வந்துடுவாங்க. எடுத்து வச்சிடு."

"வந்தா வரட்டும். இது நமக்குன்னு போட்டதுதானே? நான் என்ன வீட்டுல இருந்தா தூக்கிட்டு வந்தேன்?"

படிப்பக்கம் 'டொக்' கேட்டது. கொக்கு விறைத்துப்போனாள். வாயாடிக்கு எங்கிருந்துதான் அந்தப் பிடிவாதம் வந்ததோ! "நீங்க உக்காரலைன்னா நான் உக்காருறேன் போங்க" என்று சொல்லி, முக்காலியில் தானே உட்கார்ந்துகொண்டாள். முதலாளி வந்தார். பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை. அவரும் ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போய்விட்டார்.

சாயங்காலம் கீழேயிருந்து கடையின் சூப்பர்வைசர் ஏறி வந்து வாயாடியை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். வாங்க வந்தவர்களிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டாளாம். "எந்தக் கஸ்டமர்? யாரு? எப்போ?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மாடியில் மத்தியானம் ஈ, காக்காய் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாரையும்விடக் கொக்குவுக்கு நன்றாகத் தெரியும். அவள் ஒரு விரிப்பை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். வாயாடி பையை மாட்டிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

போனவள் சும்மா இருக்கவில்லை, நேராகத் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். அங்கிருந்து ஒரு பெண் அதிகாரி சோதனைக்கு வந்தார். அவர் கீழே வந்துவிட்ட செய்தி தெரிந்ததும் மேலே சூப்பர்வைசர் பறந்தார். "உறையெல்லாம் எடுங்க, எடுங்க! எல்லாரும் உக்காருங்க! உக்காந்து சிரிச்ச முகமா இருங்க!" பெண்கள் உட்கார்ந்தார்கள். கொக்குகூட விளிம்பில் ஒட்டிக்கொண்டாள், கடையில் இருபது வருஷத்துக்கு மேல் கழித்து. அதிகாரியும் முதலாளியும் படியேறி வந்தார்கள். முதலாளியின் தலை தெரிந்தது. திரைப் பகுதிப் பெண்ணின் கை, பாவம், யாரைக் கேட்டது? இரும்புக் கோல் 'டொக்'கென்று விழுந்தது. மாடி மொத்தமும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது.

அதிகாரி நின்றவர்களைப் பார்த்தார். பின்னால் காலியாக இருந்த முக்காலிகளைப் பார்த்தார்.

"இங்கே உக்கார விடுறாங்களா?"

"விடுறாங்க மேடம்" என்றார்கள் எல்லாரும், நின்றுகொண்டே, கோரஸாக. சூப்பர்வைசர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்ததா, எரிச்சல் வந்ததா தெரியவில்லை. இருப்பதில் மூத்தவளாகப் பார்த்துக் கொக்குவிடம் வந்தார். "நீங்க சொல்லுங்கம்மா. முக்காலி இருக்கு. அப்புறம் ஏன் யாரும் உக்காரலை?"

"உக்காரத் தோணாதுங்க. பழக்கமில்லைங்க."

பொய் இல்லை. அவளைப் பொறுத்தவரை அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஆனால் முதலாளியின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்ததும் சொன்னது தப்பாகிவிட்டதோ என்று அவளுக்குத் தோன்றியது. அன்றைக்குப் போகும்போது அவர் அவளைக் கல்லாவுக்குக் கூப்பிட்டார். "விசாரணைக்குக் கூப்பிடுவாங்கம்மா. நீ வந்து இதையே சொன்னாப் போதும். கடையோட மரியாதை உன் கையிலதான் இருக்கு."

வார விடுமுறை நாளில் வாயாடி அவள் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்குத்தான் வந்தாள், வந்த வேகத்திலேயே தெரிந்தது. உள்ளே புருஷன் தரையில் உட்கார்ந்து கொக்குவின் காலை மடியில் வைத்துப் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். வாயாடி வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு உள்ளே வந்து, கேட்காமலே துணிக்கட்டை எடுத்துப் பிரித்துக் கொடுத்தாள்.

"அன்னைக்கு மாடியில கஸ்டமர் யாரும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் அக்கா. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "வேற இடத்துல கேட்டுப் பார்த்துட்டேன். கஸ்டமர்கிட்ட மரியாதையில்லாதவன்னு பேர் போயிடுச்சு. எவனும் எடுக்க மாட்டேங்கிறான்."

கொக்கு துணிக்கட்டின் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் தன் வேலை போகும். சொல்லாவிட்டால் இவள் வேலை போனது போனதுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்களும் நானும் சுலபமாகச் சொல்லிவிடலாம். புண் நம் காலில் இல்லை.

வாயாடி போன பிறகு புருஷன், "எனக்குப் பயமா இருக்கு. ஆனா நீ என்ன பண்ணினாலும் உன்னைத் திட்ட மாட்டேன்" என்றார். அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்திருந்தது.

விசாரணை நடந்த அறை சின்னது. ஒரு மேசை, நாலைந்து நாற்காலி, கிறீச்சிடும் மின்விசிறி. அதிகாரி மேசைக்குப் பின்னால். முதலாளி உட்கார்ந்திருந்தார். வாயாடி எதிரே உட்கார்ந்திருந்தாள். கொக்கு உள்ளே வந்து முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால், ஒரு பக்கமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உக்காருங்கம்மா" என்றார் அதிகாரி, பேனாவைத் திறந்தபடி.

"பரவாயில்லைங்க."

"நாற்காலி காலியாத்தானே இருக்கு? உக்காருங்க."

"இருக்கட்டுங்க மேடம்."

"நேரம் ஆகும்மா. உக்காந்து பேசுங்க." அதிகாரி இப்போது நிமிர்ந்து பார்த்தார். கொக்கு நாற்காலியைப் பார்த்தாள். புண் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. உட்கார வேண்டும் என்றுதான் அவளுக்கும் இருந்தது. முட்டி மடங்கவில்லை. அவள் கண் அவளை அறியாமல் முதலாளி பக்கம் போனது.

முதலாளிக்குச் சங்கடமாகிவிட்டது. "அட, அதான் மேடம் சொல்றாங்கள்ல? உக்காரும்மா" என்றார்.

அவள் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். என்ன நடந்தது என்று முதலாளிக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கைக்குட்டையை எடுத்தார்.

"நான் மூணு தடவை சொன்னேன்" என்றார் அதிகாரி. குரலில் கோபம் இல்லை. "நீங்க உக்காரலை. இவர் ஒரு தடவை சொன்னார், உக்காந்துட்டீங்க. கடையில இவர் எப்பவாவது உங்களை உக்காரச் சொல்லியிருக்காராம்மா?"

முதலாளி தொண்டையைக் கனைத்தார். கொக்குவுக்கு அந்தக் கனைப்பு நன்றாகத் தெரியும். ஆனால் யோசித்துப் பார்த்தாள். நிஜமாகவே உட்கார்ந்து, நிதானமாக யோசித்துப் பார்த்தாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தால்கூட அதைச் சொல்லிவிடலாமே என்றுதான் தேடினாள். இல்லை.

"இல்லைங்க. இப்பதான் முதல் தடவை."

ஒன்று வந்த பிறகு மற்றதை நிறுத்த முடியவில்லை. "அன்னைக்கு மாடியில கஸ்டமர் யாரும் இல்லைங்க. முக்காலியை இந்தப் பொண்ணு எனக்குத்தான் இழுத்துப் போட்டுச்சு. என் கால்ல புண்ணுங்க. நான் உக்காரலை. பயம். அதனால அது உக்காந்துச்சு. அவ்வளவுதாங்க நடந்தது." முதலாளி திரும்பிப் பார்த்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சொன்னதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

வாயாடியை மறுபடி வேலைக்கு எடுக்கச் சொல்லி உத்தரவானது. கிடங்குக்குப் போன பெண்ணும் மாடிக்கு வந்தாள். கொக்கு தன் வேலை இன்றைக்குப் போகும், நாளைக்குப் போகும் என்று காத்திருந்தாள். போகவில்லை. இன்னொரு புகார் எழுந்தால் கடை தாங்காது என்று முதலாளிக்கு யாரோ எடுத்துச் சொல்லியிருந்தார்கள். அவரிடம் ஒரு குணம் உண்டு, தோற்ற இடத்திலும் வியாபாரம் பார்த்துவிடுவார். எங்கள் ஊழியர்களின் உரிமையை மதிக்கிறோம் என்று வாசலில் பெரிதாக ஒரு பலகை மாட்டினார். பெண்கள் முக்காலியில் உட்கார்ந்திருக்கிற படத்தை விளம்பரத்தில் போட்டார். சிரிக்காதீர்கள். முதலில் முடியவே முடியாது என்பார்கள், பிறகு நாங்கள்தான் ஆரம்பித்து வைத்தோம் என்பார்கள். எது எப்படியோ, நடந்தால் சரி.

வாங்க வருகிறவர்களிலும் ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். "காசு கொடுக்கிறவன் நிக்கிறான், இவங்க உக்காந்திருக்காங்க" என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். மெத்தை நாற்காலி அவருக்குப் பக்கத்திலேயே இருந்தது. நாள் போகப் போக அதுவும் நின்றது. மேசையைப் பார்க்கிற மாதிரி, விளக்கைப் பார்க்கிற மாதிரி முக்காலியையும் பார்க்கப் பழகிவிட்டார்கள். அடித்தட்டில் இப்போது உறைகளைத் தேடுவதற்கு மட்டும்தான் குந்தினார்கள்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள், கொக்குவைத் தவிர. அந்த அறையில் அத்தனை பேசினவள்தான். ஆனால் மாடிக்கு வந்தால் முட்டி மடங்க மறுத்தது. வீட்டில் புருஷன் கட்டை அவிழ்க்கும்போது, "இன்னைக்கு?" என்பார். "இல்லை" என்பாள். இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் அவருக்குப் பொறுக்கவில்லை. "ஊருக்கெல்லாம் வாங்கிக் கொடுத்துட்டு நீ காலை வெட்டிக்கப் போறியா? சொல்லு, எனக்குத் தெரியணும்" என்று கத்தினார். கத்திவிட்டு அவரே அழுதார்.

மறுநாள் மத்தியானம் வாயாடி ஒன்றும் பேசாமல் முக்காலியை நகர்த்தி அவள் முட்டிக்குப் பின்னால் இடிக்கிற மாதிரி வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி விரிப்பு மடிக்க ஆரம்பித்தாள். கொக்கு உட்கார்ந்தாள். விளிம்பில் இல்லை, முழுசாக. கால் முழுக்க ஏதோ இறங்கிப் போகிற மாதிரி இருந்தது. அந்தச் சுகத்தில் கண்ணை மூடக்கூட நேரமில்லை, படியில் முதலாளி வந்துகொண்டிருந்தார்.

தலை தெரிந்தது. தோள் தெரிந்தது. அவளுக்குள் இருக்கிற அத்தனை எலும்பும் எழுந்திரு, எழுந்திரு என்றது. இரண்டு கையாலும் முக்காலியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் நேராக அவள் மேசைக்கே வந்தார். உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

"அந்த வெள்ளை விரிப்பு, பெரிய சைஸ், ஸ்டாக் இருக்கா?"

"இருக்குங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "இருக்குங்க."

"சரி" என்று துண்டுப் பகுதிக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை. கூரை இடிந்து விழவில்லை, கடை தூங்கிப்போகவில்லை. கொக்கு அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது கோபம். அப்படி ஒரு கோபம் அவளுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

"இவ்வளவுதானாடி?" என்றாள்.

வாயாடி திரும்பினாள். "என்னக்கா?"

"இவ்வளவுதானா இது? இதுக்கா? இதுக்காடி நான் இத்தனை வருஷம் நின்னேன்?"

மாடியே கேட்கும்படி அழுதாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் சத்தம் போட்டு அழுதது அன்றைக்குத்தான். வாயாடி பக்கத்தில் வந்து தோளைத் தொட்டுக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாவும் மகளும் விரிப்பு வாங்க வந்துவிட்டார்கள். வாயாடி முன்னால் போகப் பார்த்தாள். கொக்கு அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். சீருடைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, அழறீங்களா? உடம்பு சரியில்லையா?" என்று அந்த அம்மா பதறிப்போய்க் கேட்டார்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க. கோவம். உங்க மேல இல்லை" என்றாள் அவள், எழுந்திருக்காமல். "என்ன சைஸ் வேணும், சொல்லுங்க."